ஈட்டுச் சைக்கிள்

மூன்று இரவு வாடகை, இரண்டு பாட்டில் ஒயின்,
சலவைக்கு நாலு யூரோ.
கொடுக்காமல் போனவன் டென்மார்க்காரன், அஸ்கர்.
ஆகஸ்டுக்குள் வந்து மீட்டுக்கொள்கிறேன் என்று
சுவரில் சாய்த்துவிட்டுப் போனான் இதை.
போன ஆகஸ்டு இல்லை, அதற்கும் முந்தியது.

முப்பது வருடமாய்
இந்தக் கணவாயை நான் துவைத்தே அறிவேன்.
முதுகில் உப்பு வரிவரியாய்ப் பூத்த சட்டைகள்,
வழுக்கி விழுந்தவனின் கிழிந்த இடுப்புப் பக்கம்,
பைக்குள் கூழாகிப்போன வாழைப்பழம்.
மாலையில் இறங்கி வந்து
சூப்புக் கிண்ணத்தின் முன் உட்கார்ந்து
பதினேழாம் வளைவைப் பற்றிப் பேசுவார்கள்,
வாங்கிய கடனைத் திருப்பாத மைத்துனனைத் திட்டுவதுபோல.
நான் தலையாட்டுவேன். ரொட்டி வெட்டுவேன்.

நாளைக்குத்தான் சாலை திறப்பு.
இன்று தடுப்புக் கட்டை பூட்டிக் கிடக்கிறது.
டயருக்குக் காற்றடித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.
கட்டைக்குக் கீழே குனிந்து
சைக்கிளைப் படுக்கவைத்து இழுத்தேன்,
சொந்த ஊர்ச் சாலையில் திருடி மாதிரி.

ஐம்பத்து மூன்று வயது.
முதல் வளைவிலேயே மூச்சு
அடுப்பில் வைத்த ஈர விறகு.
லார்ச் மரங்களில் பச்சை
இப்போதுதான், சந்தேகமாய்.
ஒன்பதாம் வளைவில் இறங்கித் தள்ளினேன்.
பதினொன்றில் ஏறி, பதின்மூன்றில் மறுபடி தள்ளினேன்.
இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பதினேழு வந்தது.
ஒன்றுமில்லை அங்கே.
ஒரு குழாய், அதன் வாயில் உறைந்த நீர்,
யாரோ மாட்டிவிட்டுப்போன ஒற்றைக் கையுறை.
இதற்கா அத்தனை பேச்சு?
பதினெட்டை நோக்கித் திரும்பியதும் தெரிந்தது.
சாலை அங்கே எழுந்து நிற்கிறது,
உட்காரச் சொன்னாலும் உட்காராத விருந்தாளியாய்.

அதற்கு மேல் இருபுறமும் பனிச்சுவர்,
என்னைப்போல் இரண்டு மடங்கு உயரம்.
வெட்டிய பக்கத்தில் குளிர்காலம் அடுக்கடுக்காய்:
நவம்பர்,
கிறிஸ்துமஸுக்குப் பிந்திய புயல்,
மார்ச்சில் ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து வந்த
மஞ்சள் மணல் ஒரு கோடு.

பனிவண்டியின் எஞ்சினை நிறுத்தினான் காசியன்.
என்னைப் பார்த்தான். சைக்கிளைப் பார்த்தான்.
"டென்மார்க்காரனோடதா?"
"ஆமாம்."
"சீட்டைக் கொஞ்சம் இறக்கணும்."
ஸ்பேனர் எடுத்து அவனே இறக்கினான்.
பதினான்கு வருடம் என் தங்கைக்குக் கணவனாயிருந்தவன்.
பிரிந்த பிறகு என்னிடம் பேசியதில்
மிக நீளமானது அது.

உச்சியில் பெயர்ப்பலகை.
எழுத்தே தெரியாமல்
உலகத்துச் சைக்கிள் சங்கங்களின் ஸ்டிக்கர்கள்.
கடை மூடியிருந்தது. படம் எடுக்க ஆளில்லை.
இங்கிருந்து திரும்பியிருக்க வேண்டும்.
மறுபக்கம் இறங்கினேன்.

சட்டைக்குள் செய்தித்தாள்,
விருந்தாளிகள் செருகுவதைப் பார்த்துக் கற்றது.
நேற்றைய மரண அறிவிப்புகள்
நெஞ்சோடு சரசரக்க,
பிரேக் தேயும் வாசனை,
இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்த சட்டை வாசனை,
விரல்கள் யாருடையவோ.
பலகைகளில் மொழி மாறியது.
நாய் குரைத்தது மாறவில்லை.

கீழே ஒரு விடுதி.
கழுகுக்கு என் வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர்.
நான் வந்ததில்லை.
எர்சீலியா என்று கதவில் எழுதியிருந்தவள்
ஒன்றும் கேட்கவில்லை.
ஈரக் கையுறைகளை என் விரல்களிலிருந்து உருவி
உட்புறம் வெளியே புரட்டி
அடுப்புக்கு மேல் கம்பியில் மாட்டினாள்,
கட்டைவிரலைத் தனியே இழுத்துவிட்டு.
நானும் அப்படித்தான் மாட்டுவேன்.

சூப்பு வந்தது.
"அந்தப் பதினேழாம் வளைவு இருக்கிறதே" என்று தொடங்கினேன்,
அரைகுறை இத்தாலியனில், கையை ஆட்டி ஆட்டி.
அவள் தலையாட்டினாள். ரொட்டி வெட்டினாள்.

பணப்பை எடுத்து வரவில்லை என்பது
பாதிக் கிண்ணத்தில்தான் உறைத்தது.
சன்னலுக்கு வெளியே,
அவள் சுவரில்,
சாய்ந்து நின்றது சைக்கிள்.