எடை வாரம்

எங்கள் நாட்டைச் சுற்றி ஒரே ஒரு நாடு.
வடக்கே போனாலும் அது, தெற்கே போனாலும் அதுதான்.
எட்டு நூற்றாண்டாக லெசோத்தோவில் மாறாதது
இது ஒன்று.

சாலைகள் இப்போது இல்லை.
தாரைச் சுரண்டி எடுத்த காலத்தில் நான் பிறக்கவில்லை;
புல் மூடிய தடத்தில் ஆடுகள் வரிசை குலையாமல்,
எதிரே வண்டி வரும் என்பதுபோல்
இடப்பக்கம் ஒதுங்கி நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.
மேலே கம்பிவடத்தில் கண்ணாடிக் கூடுகள்.
கூட்டுக்கு எட்டுப் பேர்.
ஒன்பதாவதாய் ஓர் ஆட்டுக்குட்டிக்கு இடமுண்டு,
சட்டத்தில் எழுதியே இருக்கிறது.

மின்சாரத்துக்கு விலை இல்லை.
மலைக்குள் நீர் விழும் வழியில் அதுவாக வருகிறது,
களி கிண்டும்போது அறை சூடாவது மாதிரி.
தோளில் கிடக்கும் போர்வையில் ஓர் இழை
காய்ச்சலைக் கண்டால் மருத்துவமனைக்குச் சொல்லிவிடும்.
பாராளுமன்றம் மாதத்தில் ஒரு காலை.
மொத்தமே நாற்பதாயிரம் பேர்,
அதில் பாதி மற்ற பாதிக்குக் கடன்பட்டது,
ஆகவே கூச்சல் குறைவு.

என் பெயர் ரெட்செலிசிட்சுவே.
கட்சே அணை தூர்ந்தபின் அதற்கு மேலே கட்டிய
மூன்றாவது அணையில், ஏழாம் வால்வில், இரவுப்பணி.
முள் துடித்தால் எழுதுவேன்.
துடிக்காவிட்டாலும் எழுதுவேன்.

ஆண்டுக்கு ஒரு வாரம்
வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிடுவோம்.
யார் கொண்டுவந்த சட்டமோ.
விற்கும் பொருளின் கனம் தெரியாதவர்
அதை விற்கக் கூடாது
என்று முன்னுரையில் ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான்.
இருபது லிட்டர் வாளி, ஊற்றிலிருந்து வாசல்வரை.
அமைச்சர் மொகேதி போன வருடம்
வழியில் மூன்று முறை உட்கார்ந்தார்;
நான்காம் முறை வாளி அவர்மேல் உட்கார்ந்தது.

அந்த வாரம் பார்த்துத்தான் வந்தாள் அனெக்கே ந்டுலி,
கீழ்நாட்டுத் தணிக்கையாளர்.
ஐந்து வருட மழையையும் பனியையும் மேசையில் விரித்து
கடைசித் தசமத்தில் விரலை வைத்தாள்.
இத்தனை நீர், ஒவ்வோர் ஆகஸ்டிலும்,
எங்கே போகிறது? கசிவா, களவா?

எனக்குத் தெரியும்.
சொல்ல வெட்கமாயிருந்தது.
வாளியைக் கொடுத்தேன்.

முந்நூறு அடி ஏற்றம். ஆகஸ்டுக் குளிர்.
கைப்பிடி உள்ளங்கையைக் கடிக்கும்.
முதல் திருப்பத்தில் அவள் காலணி நனைந்தது,
இரண்டாவதில் பேச்சு நின்றது.
வாசலில் எட்டிப் பார்த்தோம்:
பதினொரு லிட்டர் இருக்கலாம்.
மீதி, வந்த வழியெல்லாம் கறுப்புப் பொட்டுகளாய்
உறையத் தொடங்கியிருந்தது.
நெடுநேரம் அதையே பார்த்து நின்றாள்.

அறிக்கையில் எழுதியது இது:
குழாயில் கசிவில்லை. ஆட்களில் இருக்கிறது.
கீழே கையொப்பம், கோணலாக,
விரல் இன்னும் மடங்கவில்லை போலும்.

மறு வருடம் அவள் வரவில்லை, கடிதம் வந்தது.
தன் நகரத்தில் இரண்டு கோடிப் பேர்,
கைப்பிடி வைத்த வாளி ஒன்றுகூட இல்லை,
அருங்காட்சியகத்தில் இருந்ததற்கும் அடியில் ஓட்டை,
ஒன்று அனுப்ப முடியுமா?

அனுப்பினோம்.
எல்லையில் நிறுத்திவிட்டார்கள்.
எடை என்ற கட்டம் காலியாக இருந்ததாம்.
உண்மையைச் சொன்னால் முக்கால் கிலோ.
இருபது என்று எழுதித் திருப்பி அனுப்பினேன்.

ஏழு மாதம் ஆகிறது.
வாளி இன்னும் எல்லையில்தான்.
மாற்றி மாற்றி
நிறுத்துக்கொண்டிருக்கிறார்களாம்.