மூன்றாம் தரம்

எங்கள் 'சேது முழக்க'த்துக்கு நான்கு பக்கம்.
சீனி அசனாரின் 'நீவாட்டு'க்கும் நான்குதான்.
எங்களுக்கு முதல் பக்கத்தில் இரண்டு வண்ணம்,
சிவப்பில் ஆச்சரியக்குறி,
பிறந்தநாள் காணும் ஒன்றியச் செயலாளரின்
அரைப்பக்க மீசை.
அவனுக்குக் கறுப்பு மட்டும்.

பகல் பதினொன்றுக்கு நீவாடு வந்துவிடும்.
கேணிக்கரை டீக்கடையில்
நேரே நான்காம் பக்கம் திருப்புவார்கள்.
அதில் கீழே இடது மூலை:
மண்டபம் வடக்குத் துறை, இன்றைய ஏலம்.
விளமீன், ஊளி, நகரை, பாரை, கணவாய்,
கடைசியில் காற்று: வாடையா, கச்சானா.
மொத்தம் ஒரு தீப்பெட்டி அகலம்.
அந்தத் தீப்பெட்டி உரசித்தான்
எங்கள் விற்பனை எரிந்துகொண்டிருந்தது.

"நமக்கும் விலை வேணும் நம்புவேலு" என்றார் முதலாளி.
அதிகாலை நாலு மணிக்குத் துறையில் நிற்பது
என் சம்பளத்தில் சேர்த்தியில்லை.
எங்கள் பேப்பர் மூன்று மணிக்குத்தான் அச்சாகும்.
நடுவில் நான்கு மணி நேரம்.
பாரைக்கு ஐந்து கூட்டினேன், கணவாய்க்கு மூன்று குறைத்தேன்,
வரிசையைக் கலைத்துப் போட்டேன்.
பதினோரு மாதம்.
கேட்டவர்களிடம்
துறையில் நமக்கு ஆள் இருக்கிறது என்றேன்.
பொய்யில்லை. இருந்தான். அவனுடைய ஆள், அவனே.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்.
நகரைக்கும் ஊளிக்கும் நடுவே புதிதாக ஒரு மீன்:
மையோரா, கிலோ 212.
நான் முதுகுளத்தூர்க் கருவேலங்காட்டில் பிறந்தவன்.
கடலில் எத்தனையோ இருக்கும்.
மூன்று கூட்டி 215 என்று போட்டேன்.

ஏலக்காரர் சந்தியாகு போன் செய்தார்.
"அந்த மையோரா யார் மடியில விழுந்துச்சு தம்பி?
கடல்ல அப்படி ஒரு மீனே கிடையாதே.
அச்சு மையில மேயுதோ?"
பொழுது சாய்வதற்குள் எனக்கு அதுவே பெயரானது.
பஸ் ஸ்டாண்ட் ஓட்டல் கரும்பலகையில்
எவனோ எழுதினான்:
மையோராக் குழம்பு – காலி.

மறுநாள் நீவாட்டில் கேலி தேடினேன்.
இல்லை. மூலையில் இரண்டு வரி:
'நேற்றைய பட்டியலில் இல்லாத மீன் ஒன்றைச்
சேர்த்துவிட்டோம். வாசகர்கள் பொறுக்க.'

"பொய் விலை போட்டதா அவனே ஒத்துக்கிட்டான்,
சிவப்புல போடு" என்றார் முதலாளி.
போட்டேன்.
தலைப்பு நன்றாகத்தான் வந்தது.
அன்றைக்கு நாற்பது பிரதி கூடுதல்.

தூக்கம் வராமல்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
நாலு மணி. ஐஸ் நொறுக்கும் சத்தம்.
காலடியில் செதில் கலந்த தண்ணீர்.
கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான்.
என்னைவிட ஒன்பது வயது சின்னவன்.
பார்த்தான். குறிப்பேட்டுக்குத் திரும்பினான்.
நான் கூட்டத்தின் அந்தப் பக்கம் போய் நின்றேன்.

விளமீன் முந்நூற்று நாற்பதில் நின்றது.
ஒரு தரம். ரெண்டு தரம்.
மப்ளர் கட்டிய ஒருத்தர் கடைசி நொடியில்
மோவாயை லேசாக உயர்த்தினார்.
ஐந்து ஏறியது.
என் பக்கமிருந்து பார்த்தால்தான் தெரியும் அந்த மோவாய்.

அவன் 340 போட்டிருந்தான். நான் 345.
அதற்கடுத்த நாள் நீவாட்டில்:
'விளமீன் விலையில் எங்கள் பிழை. 345 என்பதே சரி.
சேது முழக்கம் சரியாக வெளியிட்டிருந்தது.'

நின்றபடியே படித்தேன்.
டீ ஆறியது.
மூன்று பிரதி வாங்கினேன், எதற்கென்று தெரியாமல்.

முதலாளி அதையும் சிவப்பில் கேட்டார்.
நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.
ராத்திரி பழைய கட்டுகளை இறக்கி
ஒரு திருத்தம் எழுத உட்கார்ந்தேன்.
பாரைக்கு நான் கூட்டிய ஐந்துகள்,
கணவாய்க்குக் குறைத்த மூன்றுகள்,
நாள்வாரியாக.
தீப்பெட்டிக்குள் அடங்கவில்லை.
நான்கு பக்கத்திலும் அடங்காது போல.
மூன்றே காலுக்கு மண்டபம் பஸ்.
எழுதியதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு தரம் என்கிறார் சந்தியாகு.
ரெண்டு தரம்.
மூணாம் தரம் என்று முடிக்குமுன்
எப்போதும் ஒரு மூச்சு நிற்பார்,
யாராவது ஏற்றிக் கேட்கிறார்களா என்று.