நாற்பத்தெட்டுக் கம்பி

இருவர் மிதிக்கும் சைக்கிளில் முன்னால் இருப்பவள் நான்.
பதினோரு வருடம் இந்த மனிதரோடு ஊர் சுற்றியிருக்கிறேன்,
ஓடும்போது இவர் முகத்தைப் பார்த்ததே இல்லை.
பின்னாலிருந்து இருமல் வரும்,
பிஸ்கட் உறை கிழியும் சத்தம் வரும்.
மற்றதெல்லாம் மிதிகட்டை வழியாகத்தான்:
பசி, கோபம்,
மழைக்கு ஒரு மணிநேரம் முந்திவிடும் முழங்கால் வலி.

போன கோடையில் மூன்று கம்பி அறுந்தது.
மூன்றும் பின்சக்கரத்தில்,
மூன்றும் செயின் ஓடும் பக்கம்.
கடைசிக் கம்பி விர்ஷிச் கணவாயில், கல் பாவிய ஒரு வளைவில்
டிங் என்றது,
யாரோ பேச எழுந்து கோப்பையைத் தட்டியதுபோல.
யாரும் பேசவில்லை.
ரிம் ஒருபக்கம் கோணி, தவடையில் உரசிக்கொண்டே இறங்கினோம்.
"என் பிட்டத்தின் பாவம்" என்றார் வொய்கோ.

பிறகு குளிர்காலம்.
அதை இங்கே எழுதவில்லை.

ஏப்ரலில் யெசெனீட்சேவில் யெர்னேயாவின் கடைக்குப் போனோம்.
உருக்காலைச் சுவரை ஒட்டிய சந்து.
கையில் பாதி சாண்ட்விச், காதில் பென்சில்.
"எடை சொல்லுங்கள்.
என்னிடம் பொய் சொல்லலாம்,
சக்கரம் மலையில் வைத்துக் கேட்கும்."

அறுபத்தேழு என்றேன்,
மூன்றை விழுங்கிவிட்டு.
தொண்ணூற்றாறு என்றார் வொய்கோ,
காலிசெய்துவிட்ட வீட்டின் விலாசத்தைச் சொல்வதுபோல.

அவள் இருவரையும் ஒருமுறை பார்த்தாள்.
பார்சல் நிறுக்கும் தராசைக் காலால் நகர்த்தி விட்டாள்.
வொய்கோ ஏறினார். முள் ஆடியது, நின்றது.
எழுபத்தெட்டு.
"பழைய மெஷின்" என்றார்.
நான் ஏறினேன்.
எழுபது.
மெஷின் சரியாகத்தான் இருந்தது.

கூடாரம், அடுப்பு, பைகள் எல்லாம் சேர்த்து
அட்டைப்பெட்டி மூடியில் கணக்குப் போட்டாள்.
"நூற்று எழுபத்து மூன்று.
முப்பத்தாறு கம்பி தாராளம். விலையும் குறைவு.
குடம் மட்டும் அகலமாக எடுங்கள்.
இடுக்கமான குடத்தில் ஒரு பக்கக் கம்பி நெட்டுக்குத்தாக நின்று
முக்கால் பாரத்தை இழுக்கும், மறுபக்கம் சும்மா தொங்கும்.
இழுக்கிற பக்கம்தானே அறும்."

எனக்கு அது தெரியும்.
இரண்டு மாதமாகத் தெரியும்.
மார்ச்சில் முதல்முறை ஆற்றோரம் ஓட்டிப் பார்த்தபோதே
மிதிகட்டையில் யாரோ இல்லாததுபோல் இருந்தது.
காற்று என்று சொல்லிக்கொண்டேன்.

"நாற்பத்தெட்டு" என்றேன்.

"அது கரடிகள் ஓட்டுகிற சைக்கிளுக்கு."

"கரடிதான். செப்டம்பருக்குள் வந்துவிடும்."

யெர்னேயா பென்சிலை எடுத்தாள்.
நூற்று எழுபத்து மூன்றை அடிக்கவில்லை,
பக்கத்தில் 48 என்று எழுதி வட்டமிட்டாள்.
வொய்கோ கூரையில் தொங்கிய டயர்களை
எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.
நின்றுகொண்டிருந்தோம் அல்லவா,
அதனால் முகம் தெரிந்தது.

பத்து நாள் கழித்துச் சக்கரம் வாங்க மறுபடி போனோம்.
தடித்த ரிம். நெருக்கமான கம்பிகள்,
நடுவே விரல் நுழைத்தால் முட்டியில் இடிக்கும்.
யெர்னேயா ஒன்றைச் சுண்டினாள், எதிர்ப்பக்கம் ஒன்றைச் சுண்டினாள்.
இரண்டும் ஏறக்குறைய ஒரே ஓசை.
"ஏறக்குறைய போதும். முதல் நூறு கிலோமீட்டர் போய்விட்டு
கொண்டுவாருங்கள், இன்னொரு முறை முறுக்குகிறேன்."

கிரான்ஸ்கா கோரா போகிற பஸ்ஸில்
சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டார்.
அதற்கும் டிக்கெட்டா என்று டிரைவரைக் கேட்டார்.
டிரைவர் பேசாமல் கதவை மூடினார்.

ஸ்டாண்டில் வாங்கிய இறைச்சி புரெக்,
காகிதத்தில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது.
பாதி தின்றுவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார்.
இந்தக் குளிர்காலம் முழுக்க நீட்டிய அதே மீதி.

"எனக்கு மூன்று கிலோ கணக்கு இருக்கிறது" என்றேன்.

சிரித்தார்.
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.
பிறகு தின்னத் தொடங்கினார், மெதுவாக,
ஒவ்வொரு வாய்க்கும் இடையில் ஒரு நிறுத்தம் தள்ளி.

எண்ணெய்க் கையாலேயே ரிம்மைப் பிடித்திருந்தார்,
பிரேக் கவ்வுகிற அதே இடத்தில்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வீட்டில் ஸ்பிரிட் இருக்கிறது, துடைத்துக்கொள்ளலாம்.