கழுத்தட்டை

வெள்ளிக்கிழமை. விடுமுறை.
வெங்காயம் வாங்கப் போகிறவள் கழுத்தில்
எதற்கு மருத்துவமனை அட்டை?
பீற்றல் என்றுதான் நினைத்தேன்.

ஷார்ஜா, அல் நஹ்தா.
பதினான்காம் மாடி, எதிர் வீட்டு ரஷ்யாக்காரி.
பக்காலாப் பையனுக்கு நடாஷா,
வாட்ச்மேனுக்கும் நடாஷா.
போன வருஷம் காலிசெய்து போனவளும்
நடாஷாதான்.
கூப்பிட்டால் இவள் திரும்பிப் பார்க்கிறாள்.
திருத்தித் திருத்தி அலுத்திருக்கும்.

காலை ஆறரைக்கு வீடு திரும்புகிறாள்.
எங்கிருந்து என்பதை
ஆளுக்கொரு விதமாய் முடிவுசெய்து வைத்திருக்கிறோம்.
‘பார்த்தாலே தெரியலையா?’
என்றாள் மூன்றாம் மாடி சௌந்தரி.
பார்த்தேன்.
கண்ணுக்குக் கீழே நீலம்,
கட்டைவிரலில் பிளாஸ்திரி,
பையில் பீட்ரூட், பூனைக்கு மணல்.

லிஃப்டில் அவள் நுழைந்தால்
ஆண்கள் கைபேசிக்குள் குனிகிறார்கள்,
கண்ணாடியில் நிமிர்கிறார்கள்.
ஒருநாள் கதவு திறந்து அவள் நிற்க,
என் வீட்டுக்காரரின் முழங்கையைப் பிடித்து
இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டேன்.
அவள் கவனித்தாள்.
ஜூலை வெயிலிலும் கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டு;
அதற்குள்ளிருந்து அட்டையை
வெளியே எடுத்துப் போட்டுவிட்டு
மாடி எண்கள் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று நான் சுவரைப் படித்தேன்:
எட்டு நபர், அறுநூற்று முப்பது கிலோ.

நேற்று நாங்கள் இருவர் மட்டும்.
இன்றாவது பெயர் என்ன பார்ப்போம் என்று
முதல்முறையாக
அட்டைக்குக் கண்ணைக் கொண்டுபோனேன்.

திரும்பிக் கிடந்தது.
பின்பக்கம், பொடி எழுத்தில்:
கண்டெடுப்பவர்
கீழுள்ள முகவரியில் ஒப்படைக்கவும்.