ஒரு முழம்

ஊர்ப் பிள்ளைகள் எங்கள் வண்டியை
முள்ளம்பன்றி என்பார்கள்.
ஐஸ்லாந்தில் முள்ளம்பன்றி கிடையாது;
படப்புத்தகத்தில் பார்த்ததுதான்.

கூரையில் ஐந்து ஆன்டெனா.
துளை போட்டவன் நான்.
மீட்புக் குழுவில் என் பொறுப்பு வயர், ஃபியூஸ்,
யாரும் நன்றி சொல்லாத இன்னும் சில.

ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பெயின்டைச் சுரண்டி
வெறும் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தேன்.
எந்தக் கம்பிக்கும் காலடியில் தரை வேண்டும்,
இல்லாவிட்டால் அதன் பேச்சு எடுபடாது.
தரை என்றது
இங்கே கூரையைத்தான்.

பின்னால் நிற்கும் நெட்டைக் கம்பி
காற்றில் ஊளையிடும்.
அந்தச் சுருதியைக் கேட்டே வேகம் சொல்வார் பியார்த்மார்,
மீட்டரைப் பார்க்காமல்,
பெரும்பாலும் தப்பாக.

நடுவில் ஒரே மாதிரி இரண்டு,
அரை மீட்டர் உயரம்.
ஒன்று தளத்தோடு பேச,
மற்றது மலைக்குப் போனவர்களைக் கேட்க.
இரண்டுக்கும் நடுவே நாலு முழமாவது விட வேண்டும்,
தெரியும் எனக்கு.
ஆனால் ஏணி, விளக்குப் பட்டை, மண்வாரி,
ஸ்ட்ரெச்சர் பெட்டி,
எல்லாமே கூரையைத்தான் கேட்கின்றன.
ஒரு முழம் போதும் என்றேன்,
பூ வாங்குகிறவன் மாதிரி.

பிப்ரவரியில், மீவாத்ன் ஏரிக்கு வடக்கே
பனி ஸ்கூட்டரோடு காணாமல் போனான் ஹால்க்ரீமுர்.
கையில் ஒரு வாக்கி-டாக்கி, பாதி சார்ஜ்.
எங்களுக்கு முன்னால் வெள்ளை,
பின்னால் வெள்ளை,
வைப்பரில் விரல் தடிமனுக்குப் பனிக்கட்டி.

தளத்தில் சோல்வெய்க்.
எங்களையும் தொலைத்துவிடக் கூடாதென்று
அடிக்கடி இடம் சொல்லச் சொன்னாள்.
சொன்னேன்.
பாலம் தாண்டியதைச் சொன்னேன், வேலி வந்ததைச் சொன்னேன்,
எதுவும் தெரியவில்லை என்பதையும்
விலாவாரியாகச் சொன்னேன்.
நடுநடுவே அந்த இன்னொரு ரேடியோவில்
அவனிடமும் பேசினேன்:
"வந்துகிட்டே இருக்கோம், பதில் சொல்லு."
பதிலுக்குக் காத்திராமல் மறுபடி தளம்.
ஐம்பது வாட்.

ஒரு முழம் தள்ளி நின்ற கம்பிக்கு
அது காதோரம் வெடித்த வேட்டு.
மேட்டுக்குப் பின்னாலிருந்து மூச்சளவாய் வந்ததை
அது எப்படிக் கேட்கும்?

செவிடன் காதில் ஊதிய சங்கு என்போம்.
ஊதியவனும் நான்,
செவிடனும் நான்.
சங்குக்கு மட்டும் குறையில்லை.

விளக்கில் அப்பிய பனியைத் தட்ட
வண்டியை நிறுத்தினார் பியார்த்மார்.
என் கை விறைத்து மைக் நழுவிப்
பெடல்களுக்கு இடையே விழுந்தது.
அதை நான் துழாவிக்கொண்டிருந்தபோது
குனிந்த தலைக்கு மேலே ஒரு குரல்,
அழுகிறதா திட்டுகிறதா தெரியாத குரல்:
"உங்க விளக்கு தெரியுது.
மறுபடியும் தாண்டிப் போறீங்க."

மறுபடியும்.

கண்டுபிடித்தோம். இரண்டு விரல் நுனி கறுத்திருந்தது.
காபியை இரு கையால் பிடித்தபடி
பதினோரு தடவை பதில் சொன்னதாகச் சொன்னான்.
பேட்டரி போயிருக்கும் என்றார் பியார்த்மார்.
அவரை நான் திருத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கராஜில், கதவைச் சாத்திவிட்டு
ஒரு மைக்கை அழுத்திப் பார்த்தேன்.
பக்கத்து ரேடியோவின் முள்
செத்த மாதிரி கிடந்தது.
விரலை எடுத்தேன், எழுந்தது.
அழுத்தினேன்.
மதியம்வரை இதையே செய்துகொண்டிருந்தேன்.

கேட்கும் கம்பியைப் பின் ஏணிக்கு மாற்றினேன்.
ஒரு ஃபில்டர் வாங்கிப் போட்டேன்.
தேவலாம்.
முழுசாகத் தீரவில்லை,
கூரை அங்கே முடிந்துவிடுகிறது.
மிச்சத்துக்கு டேஷ்போர்டில் ஒரு துண்டுச் சீட்டு:
பேசியபின் ஒரு நிமிடம் விரலை எடு.
அந்த ஒரு நிமிடம்
தளத்தில் சோல்வெய்க்குக்கு வயிற்றைக் கலக்குகிறதாம்.

பழைய துளையை ரப்பரால் அடைத்தேன்.
சரியாகப் பொருந்தவில்லை.
ஹீட்டர் போட்டால் மேலே பனி உருகி
பியார்த்மாரின் இடது முழங்காலில் சொட்டுகிறது.
எப்போது சரி பண்ணுவாய் என்கிறார் ஒவ்வொரு முறையும்.
விரலை எடுத்துவிட்டு
உஷ் என்கிறேன்.