உப்புத்தாள் எழுத்து

தங்கல் பஸ் ஸ்டாப்பில் இறங்கினால்
பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
மான்டிசோரி ஆசிரியர் பயிற்சி, ஒரு வருடம்.
ஃபீஸ் மூன்று தவணை.
இரண்டாவதற்குத் தோடு போயிருக்கிறது.

முதல் வாரம் தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொடுத்தார்கள்.
ஒரு சின்ன ஜாடியிலிருந்து இன்னொரு சின்ன ஜாடிக்கு,
பேசாமல், சிந்தாமல்,
கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்து.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
லாரித் தண்ணீருக்கு ஆறு குடம் வரிசை போட்டு
இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று மாடியேறுகிறவள் நான்.
ஆனாலும் சிந்தியது. மூன்று சொட்டு.
திட்டு விழுமென்று தோளைக் குறுக்கினேன்.
ஸ்பாஞ்ச் மட்டும் வந்தது.

இதற்கு முன் பதினோரு வருடம்
மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில்
பெட்டி நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன்.
நாலு எழுத்து, ஏழு இலக்கம்,
ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து பெட்டி.
இங்கே இளஞ்சிவப்புக் கோபுரம். பத்துக் கட்டை.
பெரியதை இரண்டு கையாலும் ஏந்திவர வேண்டும்,
ஒரு சென்டிமீட்டர் குட்டியையும்
அதே மரியாதையோடு, தனியாக, கடைசியாக.
கிரேன் ஓட்டுகிறவர்களிடம் இதைச் சொன்னால்
ஷிஃப்ட் முடியாது.

மௌன விளையாட்டு நடந்த அன்று
துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்கள்
ரோடு முழுக்க நின்றன. ஹாரன் மட்டும் நகர்ந்தது.
பதினெட்டுப் பெண்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தோம்.
கதவுக்கு அந்தப் பக்கமிருந்து,
மூச்சைவிடக் கொஞ்சமே பெரிதாக,
'ஜெனோவா'.
எங்கள் தெருவில் பெயர் என்பது
மூன்று மாடி ஏறவேண்டிய பொருள்.
சோற்றுக்கும் சாவுக்கும் கத்தித்தான் கூப்பிடுவார்கள்.
எழுந்து நுனிக்காலில் போனேன்.
பக்கத்தில் ஹசீனா மூக்கை உறிஞ்சினாள்.
அவள் பெயர் இன்னும் வரவில்லை.

அப்புறம் கவனிப்பு நோட்டு.
பெயர். வயது, வருடமும் மாதமும். நேரம்.
'லோகித் அடம் பிடித்தான்' என்று எழுதிக் கொடுத்தேன்.
சிவப்பு மையில் அடிபட்டுத் திரும்பி வந்தது.
அடம் கண்ணுக்குத் தெரியாதாம்.
தெரிந்ததை எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்:
காலைத் தரையில் இரண்டு முறை தட்டினான்.
கதவைப் பார்த்தான்.
பாயைச் சுருட்டினான், பிரித்தான், சுருட்டினான்.

இந்த வாரம் எழுத்து அட்டை.
உப்புத்தாளில் எழுத்தை வெட்டிப் பலகையில் ஒட்ட வேண்டும்,
குழந்தை இரண்டு விரலால் தடவிப் படிப்பதற்கு.
'ட'வில் ஆரம்பம்:
மேலிருந்து ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு.
கடையில் காசு கொடுப்பானேன் என்று
மூலக்கடை லாரி ஷெட்டிலிருந்து
பேன்ட் பாக்கெட்டில் மடித்துக்கொண்டு வந்தார் எட்டியப்பன்.
"எம்பது நம்பர் வேணாம்மே, புள்ளைங்க தோலு உரிஞ்சிடும்.
நூத்தியம்பது எடுத்துக்கோ.
ப்ரைமர் தேய்க்கிறது. மெத்துனு இருக்கும்."

பசை காய்ந்ததும் அவரையே கண்ணை மூடச் சொன்னேன்.
ஆள்காட்டி விரலும் நடுவிரலும்
எழுத்தின் மேலேயே ஏறி இறங்கி
பலகையைத் தாண்டிப் போய்விட்டன.
"எங்க கீது?" என்றார்.

ரேஷன் கடை மெஷின்
நாலு மாதமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.
கட்டைவிரலை வை. துடைச்சிட்டு வை. வேற விரல் வை.
இருபது வருடம் லாரிகளைத் தேய்த்ததில்
லாரி மட்டும் வழவழப்பாகவில்லை.

என்ன சொல்வதென்று தெரியாமல்
நோட்டை எடுத்தேன்.

இரவு ஒன்பது பத்து.
கண் மூடியிருக்கிறது.
வலது கை தடவுகிறது, நிற்கிறது.
விரல் மாற்றுகிறார்.
சுண்டுவிரல். மேலிருந்து கீழே, மெதுவாக.
மூலையில் நிற்கிறது.
வலப்பக்கம் திரும்புகிறது.
உதடு அசைகிறது, சத்தம் இல்லை.
மறுபடி மேலிருந்து.
மறுபடி.
நான் உதவவில்லை.
வயது: நாற்பத்தொரு வருடம், மூன்று மாதம்.