மஞ்சள் சாக்கு

பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள்,
சாக்கு ஓட்டத்துக்குப் பன்னிரண்டு சாக்கு.
மண்டியில் சொல்லி வாங்கிக் கொடுத்தேன்.
எத்தனை உதறியும் போகவில்லை மஞ்சள்.
ஒன்றாம் வகுப்பு மொத்தமும் அன்று காலை
இடுப்புக்குக் கீழே நலுங்கு வைத்த பிள்ளைகள்.

ஒரு வாரமாகவே பழக்கியிருந்தேன்.
பொழுதோட வேலை விட்டு வந்து
கருங்கல்பாளையத்துச் சந்தில்
விளக்குக் கம்பம் தொடக்கம், மாவு மில் முடிவு.
"காது ரெண்டையும் இறுக்கிப் புடி அம்மிணி.
குனியாத.
சின்னச் சின்னதாக் குதி.
என்ன ஆனாலும்
திரும்பி மட்டும் பாக்காத."

விசில் ஊதியதும்
சோளப்பொரியாய்த் துள்ளினாள் சாருமதி.
முன்னால் நிவாசினி ஒருத்திதான்.
எட்டடி இடைவெளி, ஆறடி, நாலடி.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று
தராசு முள்ளைப் பார்ப்பவன் போல
பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்னால் ஒரு தும்மல்.
ஒன்றல்ல, வரிசையாய்.
லோகித் என்றொரு பொடியன்,
மூக்கில் மஞ்சள் தூள் ஏறி
தும்மித் தும்மியே விழுந்துவிட்டான்.
சாக்கின் அடியில் ஓட்டை வேறு.
(நான் பார்க்காமல் கொடுத்தது.)
ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே,
வாய் முழுக்க அழுகை.

திரும்பிப் பார்த்தாள்.

"போச்சாது அம்மிணி, நீ ஓடு!"
என் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது.
டீச்சர்கள்கூடத் திரும்பினார்கள்.
அவள் சாக்கோடு குதித்தே போனாள்,
வந்த வழியே.
அவன் காலை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.
ஓட்டைச் சாக்கை உருவி எறிந்துவிட்டு
தன் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள்.

ஒரு சாக்கு, நாலு கால்.
ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது.
அவன் எழும்பும்போது இவள் இறங்கினாள்,
இவள் எழும்பும்போது அவன் தும்மினான்.
கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது
எலுமிச்சை கரண்டிக்குப் பேர் கூப்பிட்டாயிற்று.
நிவாசினி கையில் சிவப்பு டிபன் டப்பா.
நல்ல டப்பா. கிளிப் வைத்தது.

டிவிஎஸ்ஸில் முன்னால் நின்று வந்தவள்
காவேரி ரோட்டில் கேட்டாள்:
"ஏனுங்கப்பா, திரும்பிப் பாத்தா என்ன ஆகும்?"

தோற்றுப்போவாய் என்று சொல்ல வாய் திறந்தேன்.
லாரி ஒன்று ஆரன் அடித்தது.
நல்லவேளை.

"அந்தப் பையன் தேங்க்ஸ் சொன்னானா?"
"இல்லீங்க. கடிச்சு வெச்சுட்டான்."
முழங்கையில் நாலு பல் தடம்.
"அவஞ் சாக்கை நாம் புடுங்கறேன்னு நெனச்சுட்டான்.
அப்பறம் ஒட்டுக்கா வந்துட்டோம்."

குழாயடியில் காலைத் தேய்த்துவிடும்போது கேட்டேன்,
"இப்படிப் பண்ணோணும்னு யாரு சொன்னாங்க, டீச்சரா?"
என்ன கேள்வி இது என்பதுபோல் பார்த்தாள்.
"நீங்கதான்."

"நானா?"

"நானும் அம்மாவும் சோறு கொண்டுட்டு வந்தமல்லோ,
அன்னிக்கு ராக்கியண்ண மாமா
பலகையில வழுக்குனாரே.
உங்க மூட்டையைப் போட்டுட்டு ஓடுனீங்களே."

போட்டேன்.
மூட்டை வாய் பிரிந்து
விரலி மஞ்சள் லாரிக்கடியில் சிதறி
கூலியில் அறுபது ரூபாய் பிடித்தார்கள்.
நானே மறந்துபோன மதியம்.
தோள் கொடுக்காவிட்டால் அவன் கழுத்து போயிருக்கும்,
அதனால் கொடுத்தேன்.
தூக்குவாளியோடு ஒருத்தி
ஓரமாய் நின்றது எனக்கெப்படித் தெரியும்.

தண்ணீர் மஞ்சளாய் ஓடிச் சாக்கடையில் இறங்கியது.

"அடுத்த வருசம் ஜெயிச்சர்றேன்ப்பா," என்றாள்,
எனக்கு ஆறுதலாக.
பிறகு, உண்மையாகவே,
"அந்த டப்பா எனக்கும் வேணும்."

சரி, நாளையிலிருந்தே பழகலாம் என்றேன்.
காதை இறுக்கிப் புடி.
குனியாத.
சின்னச் சின்னதாக் குதி.

மூன்றோடு நிறுத்திக்கொண்டேன்.